பஸ்சை நிறுத்திய சென்ட்! போடி ஏலக்காய் வாசனையில் முடிந்த தகராறு

தேனி:
கம்பத்தில் இருந்து தேனிக்கு வந்து கொண்டிருந்த பஸ், சின்னமனூரைத் தாண்டியதும் நடு ரோட்டில் நின்றது. டயர் பஞ்சர் இல்லை. மாடும் குறுக்கே வரவில்லை. ஒரு வாலிபர் அடித்துக் கொண்டு வந்த சென்ட்தான் காரணம்!

நானும் அந்த பஸ்சில்தான் இருந்தேன். ஒரு செயின் பறிப்பு கேஸ் விஷயமாக தேனி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கொண்டிருந்தேன்.

காலை நேரம். கால் வைக்க இடமில்லை. வெளியே சாரல். அதனால் ஜன்னல் ஷட்டர் எல்லாம் இறக்கி விட்டாச்சு. கம்பத்தில் கிளம்பும்போதே உள்ளே ஒரு வாடை. இனிப்பா, மருந்தா, பெயிண்டா என்று சொல்ல முடியாத வாடை. உத்தமபாளையத்தில் கூட்டம் ஏற ஏற அது இன்னும் கனத்தது.

முதலில் ஒரு பெரியவர் தும்மினார். ஒரு தடவை இல்லை, ஏழெட்டு தடவை. பிறகு ஒரு பள்ளிக்கூடப் பையன் மூக்கைப் பொத்தினான். மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண் திடீரென்று "அண்ணே... வண்டிய நிப்பாட்டுங்க" என்று கத்தினார். அதற்குள் வாந்தி வந்து விட்டது.

சீலையம்பட்டிக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. பூ மார்க்கெட் இருக்கிற ஊர்! அங்கே வந்து வாசனையால் ஒரு பெண் மயங்கினார் என்றால் யாராவது நம்புவார்களா?

ரோட்டோரப் புளிய மரத்தடியில் அந்தப் பெண்ணை உட்கார வைத்தார்கள். கூடைக்காரப் பாட்டி ஒருவர் மடியில் இருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி, "இத மோந்து பாரு தாயி" என்று மூக்கருகே நீட்டினார். ரெண்டு நிமிஷம். அந்தப் பெண் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

அதன் பிறகுதான் கண்டக்டர் ஆளைத் தேட ஆரம்பித்தார். "யாருய்யா அது, சென்ட் கடையவே தூக்கிட்டு வந்தது?"

கதவோரம் நின்ற ஒரு வாலிபர் தலையைக் குனிந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கழுத்தில் ஜவுளிக்கடை அடையாள அட்டை. நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஒருவர் கையை ஓங்கவே செய்தார். "பொம்பளைப் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா யாருடா பொறுப்பு?" என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். அந்த வாலிபர் வாயே திறக்கவில்லை.

குடோனா? கடையா?

தேனி பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். செயின் பறிப்பு அரை மணி நேரம் காத்திருக்கட்டும் என்று விட்டு விட்டேன். (ஆசிரியர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

அவர் கூறியதாவது:-

"எனக்கு வயசு 23ண்ணே. ஜவுளிக்கடையில சேல்ஸ்மேன். தினமும் கம்பத்துல இருந்து 40 கிலோமீட்டர் பஸ்சுல வர்றேன். கூட்டத்துல நசுங்கி வந்து எறங்கும்போது சட்டை நனைஞ்சு போயிரும். ஒரு மாசத்துக்கு முன்னால சூப்பர்வைசர் கூப்பிட்டு, 'வேர்வை வாடை அடிக்குது, கஸ்டமர் பக்கத்துல நிக்க மாட்டேங்குறாங்க'ன்னு சொன்னாரு. அன்னைக்கே இந்த சென்ட்ட வாங்கினேன். அடுத்த வாரம், 'உன் சென்ட்டால எனக்குத் தலைவலி'ங்கிறாரு. இன்னொரு தடவை பேச்சு வந்தா குடோனுக்கு அனுப்பிருவாங்களாம். குடோன்ல கமிஷன் கெடையாது."

அந்தக் கமிஷனில்தான் அவருடைய தங்கை நர்சிங் படிக்கிறார். அப்பா இல்லை. அம்மா தினமும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிப்ப?" என்று கேட்டேன்.

"வீட்டுல ஒரு ஆறு. வாடை போன மாதிரி இருக்கும், அதனால பஸ் ஏறும்போது மறுபடியும் ஆறு."

அங்கேதான் கோளாறு. வாடை போகவில்லை. அவருடைய மூக்குதான் அதைக் கவனிப்பதை நிறுத்தி விட்டது. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் கொஞ்ச நேரத்தில் மூளை அதைக் கணக்கில் எடுப்பதை விட்டு விடும். வெங்காய மண்டிக்காரருக்கு வெங்காய வாடை தெரியாததும் இதனால்தான். சென்ட் போட்டவருக்கு இல்லாத வாசனை, பக்கத்து சீட்டுக்காரருக்கு அப்படியே இருக்கும்.

பிரான்ஸ் பாட்டில்!

அந்தப் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் 150 ரூபாய்க்கு வாங்கினாராம். பிரான்சில் தயாரித்தது என்று பெரிசாகப் போட்டிருந்தது. பிரான்ஸ் என்ற பெயரிலேயே எழுத்துப் பிழை!

தயாரித்தவர் பெயர் இல்லை. விலாசம் இல்லை. லைசென்ஸ் நம்பர் இல்லை. பேட்ச் நம்பர் இல்லை. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சுரண்டிய தடம் மட்டும் இருந்தது.

சென்ட் என்பது சட்டப்படி அழகு சாதனப் பொருள். 1940-ம் வருஷத்து மருந்து மற்றும் அழகு சாதனப் பொருள் சட்டமும், 2020-ல் வந்த அழகு சாதனப் பொருள் விதிகளும் இதற்குப் பொருந்தும். தயாரித்தவர் பெயர், விலாசம், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எந்த மாதத்துக்குள் உபயோகிக்க வேண்டும் என்பது எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு நம்பரும் இருக்க வேண்டும். இல்லாத பாட்டிலைப் பார்த்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் செய்யலாம். 150 ரூபாய்க்கு யார் புகார் செய்யப் போகிறார்கள்? அந்த தைரியத்தில்தான் வியாபாரம் நடக்கிறது.

அதை விட மோசம், அவர் சட்டைக் காலரை விலக்கிக் காட்டியது. கழுத்தில் இரண்டு பக்கமும் காப்பிக் கலரில் திட்டுத் திட்டாக இருந்தது.

தேனியில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டினோம். பார்த்ததுமே "முதல்ல அந்தப் பாட்டில தூக்கிப் போடு" என்றார். பெர்கமாட் என்கிற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயில் இருக்கும் ஒரு சத்து, தோலில் பட்டு அதன் மேல் வெயிலும் பட்டால் இப்படிக் கறுக்குமாம். கிராம்பு, பட்டை எண்ணெய்கள் சிலருக்கு அரிப்புக் கொடுக்கும். நல்ல கம்பெனிகள் இதற்கெல்லாம் அளவு வைத்திருக்கின்றன. பெயர் போடாத பாட்டிலில் என்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. களிம்பு எழுதிக் கொடுத்து, "கறுப்பு போக மாசக்கணக்கு ஆகும்" என்றும் சொல்லி விட்டார்.

அம்மா சேலை

வெளியே வந்ததும் அந்த வாலிபர் ஒரு கேள்வி கேட்டார். அதுதான் என்னை ஒரு வாரம் அலைய வைத்தது.

"அண்ணே, எங்கம்மா வேலைக்குப் போயிட்டு வந்தா சேலையில ஒரு வாடை அடிக்கும். ஏலக்கா, எல, மழை எல்லாம் சேந்த மாதிரி. பஸ்சுல அம்மா பக்கத்துல உக்காந்தா யாருக்கும் தலை வலிக்காது. அந்த மாதிரி சென்ட் கெடைக்குமா?"

மறுநாள் போடிக்குப் போனேன். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்திய ரயில், 2023 ஜூனில்தான் மறுபடி போடி வந்தது. அதன் நேரம் எனக்கு ஒத்து வராததால் பஸ்சில்தான் போனேன்.

போடியில் ஏலக்காய்க் கடைத் தெருவுக்குள் நுழைந்தால் வழி கேட்க வேண்டாம், மூக்கே கூட்டிப் போகும். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் கம்ப்யூட்டர் மூலம் நடக்கிறது. ஏலத்துக்கே ஏலம்! 2018 வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் விளைச்சல் படுத்து, 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7 ஆயிரம் ரூபாய் வரை போனதைப் போடிக்காரர்கள் இன்னும் சினிமாக் கதை மாதிரி சொல்கிறார்கள்.

ஒரு ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்தேன். நாற்பது பெண்கள் இருப்பார்கள். தரையில் வரிசையாக உட்கார்ந்து காய் பிரித்துக் கொண்டிருந்தார்கள். காம்பு கிள்ளுவது, வெடித்த காயைத் தனியே போடுவது, வெளுத்த காயை ஒதுக்குவது. விரல் ஓடுவதைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. 8 மில்லிமீட்டருக்கு மேல் உருண்டையாக, பச்சை மாறாமல் இருந்தால் முதல் தரம். மலையில் பறித்த பச்சைக் காய் சுமார் 5 கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். பச்சை போகாமல் இருப்பதற்காகச் சாயம் ஏற்றுகிற ஆசாமிகளும் உண்டு. அது தனிக் குற்றம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

"எத்தனை வருஷமாக்கா இந்த வேலை?" என்று ஒரு பெண்மணியிடம் கேட்டேன்.

"கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து தம்பி. இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. கைய எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. ரசஞ்சோறு தின்னாலும் பாயாசம் மாதிரித்தான் இருக்கும்" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர், "சென்ட்டுக் காசு மிச்சம்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு" என்றார். அந்த வரிசை முழுக்க ஒரே சிரிப்பு.

விஷயம் தெரிந்த ஒரு வியாபாரி எனக்குப் பாடம் எடுத்தார். ஏலக்காய் விதையை நீராவியில் வடித்தால் எண்ணெய் கிடைக்கும். நூறு கிலோ விதைக்கு ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ. அந்த எண்ணெயில் முக்கியமாக இரண்டு சரக்கு. ஒன்று சினியோல். நீலகிரித் தைலத்தில் மூக்கைத் திறந்து விடுகிறதே, அதே பொருள்தான். இன்னொன்று டெர்பினைல் அசிட்டேட். இது மெல்லிசான, பூ மாதிரி இனிப்பு. ஒன்று குளிர்ச்சி, ஒன்று இதம். அதனால்தான் ஏலக்காய் மசாலாவாக இருந்தும் நெஞ்சை அடைப்பதில்லை.

பாரீஸ் வரை போன காய்

இந்த இடத்தில் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். நானே முதலில் நம்பவில்லை.

நாம் பாயாசத்தில் தட்டிப் போடும் இந்தக் காய், வெளிநாட்டு சென்ட் உலகத்தில் பெரிய புள்ளி! பாரீஸ் நகைக் கம்பெனி கார்ட்டியே 1998-ல் 'டெக்லரேஷன்' என்று ஆண்களுக்கு ஒரு சென்ட் வெளியிட்டது. அதைத் தயாரித்தவர் ழான் குளோட் எலெனா என்ற பிரெஞ்சு வாசனை நிபுணர். ஆரஞ்சு இன வாசனையோடு ஏலக்காயைத் தூக்கலாகப் போட்டார். அது பெரிய பேர் வாங்கியது. அதே ஆள் 2010-ல் ஹெர்மேஸ் கம்பெனிக்குச் செய்த 'வோயாஜ்' சென்ட்டிலும் ஏலக்காய் உண்டு.

அந்தக் காய் போடியில் பிரித்ததுதானா என்று கேட்காதீர்கள். இன்று உலகத்தில் அதிகம் ஏலக்காய் விளைவிப்பது குவாத்தமாலா நாடு. ஆனால் அந்தச் செடியின் சொந்த ஊர் நம் மேற்குத் தொடர்ச்சி மலைதான்.

மசாலா வாசனை நமக்கும் புதிதில்லை. 1938-ல் அமெரிக்காவில் ஷல்ட்டன் கம்பெனி ஆண்களுக்காகக் கொண்டு வந்த 'ஓல்டு ஸ்பைஸ்' நம் சித்தப்பாமார் முகத்தில் மணந்ததுதான். பேரிலேயே மசாலா. ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் பரீனா என்ற இத்தாலிக்காரர் குடும்பம் 1709-ல் தொடங்கிய வியாபாரத்தில் இருந்து பிறந்ததுதான் நாம் ஜுரத்துக்குக் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடும் கொலோன் தண்ணீர். எலுமிச்சை, ஆரஞ்சு வகை வாசனை. சீலையம்பட்டியில் பாட்டி செய்த வைத்தியமும் அந்த வகைதான் என்று பிறகுதான் உறைத்தது.

இப்போது 'நிஷ்' சென்ட் என்று ஒரு புதுப் பேச்சு. சினிமா ஸ்டாரைப் போட்டு விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் விற்காமல், சின்னக் கம்பெனிகள் கொஞ்சமாகச் செய்து விற்கும் சரக்கு. மும்பையில் 'பாம்பே பர்ஃப்யூமரி' என்ற கம்பெனி 'மதுரை டாக்கீஸ்' என்ற பெயரிலேயே மல்லிகை சென்ட் விற்கிறது. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லிக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்! இந்த மாதிரிப் பாட்டில் விலை ஆயிரங்களில் போகும். ஆனால் நிறைய கம்பெனிகள் 2 மில்லி, 5 மில்லி, 10 மில்லி என்று சின்னக் குப்பியிலும் தருகின்றன. மாதச் சம்பளக்காரர் நுழையக் கூடிய வாசல் அதுதான்.

பாய் சொன்ன பாடம்

மூன்றாம் நாள் அந்த வாலிபரையும் கூட்டிக் கொண்டு, கம்பத்தில் பரம்பரையாக அத்தர் விற்கும் ஒரு பெரியவரிடம் போனேன். வயது எழுபதுக்கு மேல்.

"வாங்க தம்பி, உக்காருங்க. யாருக்கு, மாப்பிள்ளைக்கா?" என்றார்.

"மாப்பிள்ளை இல்ல பாய். பஸ்சுல அடி வாங்கப் பாத்தவரு" என்றேன்.

கதையைக் கேட்டு விட்டு அந்த 150 ரூபாய்ப் பாட்டிலைத் திறந்தார். மூக்கருகே கொண்டு போகக் கூட இல்லை. மூடி வைத்து விட்டார்.

"தம்பி, சென்ட்டு மூணு தடவை பேசும். அடிச்ச உடனே ஒரு பேச்சு, அது கால் மணி, அரை மணி. எலுமிச்ச, இஞ்சி, ஏலக்கா எல்லாம் அதுல வரும். அப்புறம் ஒரு ரெண்டு மூணு மணி நேரத்துக்குப் பூ, மசாலா. கடைசியா அடிச்சட்டி: சந்தனம், வெட்டிவேரு, கஸ்தூரி மாதிரி. ஜனங்க முதப் பேச்ச மட்டும் கேட்டுட்டுக் காசக் குடுத்துர்றாங்க. வீட்டுக்குப் போனப்புறம் அடிச்சட்டி வேற மாதிரி பேசும்."

அதனால் கடையில் முகர்ந்த உடனே வாங்கக் கூடாதாம். காகிதத்தில் தடவிப் பார்ப்பது வேண்டாத சரக்கைக் கழிக்க மட்டும். பிடித்ததை முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து விட்டு டீ குடிக்கப் போய் விட வேண்டும். மணிக்கட்டு இரண்டையும் வைத்துத் தேய்ப்பது தேவையில்லாத வேலை. ஒரு நாளில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு பொய் சொல்லும். நடுவில் காப்பிக்கொட்டையை முகரச் சொல்கிறார்களே என்று கேட்டேன். "அதெல்லாம் ஷோ தம்பி. உங்க சட்டைக் கையவே மோந்து பாருங்க, போதும்" என்றார்.

மசாலாவில் இரண்டு ஜாதி என்றும் சொன்னார். பட்டை, கிராம்பு சூடு. மார்கழிக்கு நல்லது, சித்திரையில் பஸ்சுக்கு ஆகாது. ஏலக்காய், இஞ்சி, கொத்தமல்லி விதை, மிளகு இவை லேசு. இவற்றோடு எலுமிச்சை இனம் சேர்ந்தால் குளித்து விட்டு வந்த மாதிரி இருக்கும். ஆனால் லேசானதெல்லாம் சீக்கிரம் பறந்து விடும். உடம்புச் சூடும் வெயில் சூடும் சேர்ந்து விரட்டி விடும். அதைப் பிடித்து நிறுத்த அடியில் வெட்டிவேர், சந்தனம் மாதிரி கனமான சரக்கு கொஞ்சம் வேண்டும்.

"அத்தர்ல ஸ்பிரிட் இல்லையே பாய், அதையே போடலாமே?" என்று வாலிபர் கேட்டார்.

"நல்ல அத்தர், கன்னோஜ் பக்கம் செப்புப் பானையில வடிக்கிறாங்களே, அது சந்தன எண்ணெயில எறங்கின சரக்கு. வெல எட்டாது. இப்ப வர்றதுல நிறைய பேரு வேற எண்ணெயக் கலக்குறான். சட்டையில கறை ஆகும். ஒனக்கு வெள்ளச் சட்டை. யாவாரம் எனக்கு முக்கியம்தான், ஆனா ஒனக்கு ஸ்பிரிட்டுச் சரக்கே போதும்" என்றார். வந்த வியாபாரத்தைத் தானே திருப்பி அனுப்புகிற கடைக்காரரைக் கம்பத்தில் பார்த்தேன் என்று பதிவு செய்து கொள்கிறேன்.

நாலு நாள் சோதனை

பாயும், தேனியில் சின்னக் குப்பி விற்கும் ஒரு பேன்சி ஸ்டோர்காரரும் கொடுத்த மாதிரிகளை நாளுக்கு ஒன்றாகப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. கழுத்தில் இல்லை. டாக்டர் உத்தரவுப்படி பனியனுக்கு மேல் நெஞ்சில் ஒன்று, சட்டைக்கு உள்பக்கம் ஒன்று. மொத்தம் இரண்டே அழுத்து. அதுவும் பஸ்சுக்குக் கிளம்புவதற்கு அரை மணி முன்னால், குளித்துத் துவட்டிய பிறகு. வேர்வை மேல் அடித்தால் எந்த சென்ட்டும் தோற்று விடும் என்பதை அவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். பையில் இன்னொரு பனியன் வைத்து, தேனியில் மாற்றிக் கொள்ளச் சொன்னேன். என் யோசனையில் உருப்படியானது அது ஒன்றுதான்.

முதல் நாள் கிராம்பும் பட்டையும் தூக்கலான சரக்கு. கடையில் சூப்பர்வைசர் பார்த்து, "என்னப்பா பல்வலியா? கிராம்புத் தைலம் வாடை வருது" என்றாராம். கழித்தாச்சு.

இரண்டாம் நாள் எலுமிச்சை மட்டும். பஸ் ஏறும்போது பிரமாதம். சின்னமனூர் வரும்போது ஒன்றுமே இல்லை.

மூன்றாம் நாள் ஒரு அரபு அகில் வகை. கம்பீரமான வாசனைதான். ஆனால் வாலிபரே, "எங்க தாத்தா சட்டையப் போட்ட மாதிரி இருக்குண்ணே" என்று சொல்லி விட்டார். கண்டக்டரும் ஒரு மாதிரி பார்த்திருக்கிறார். பழைய பகை!

நாலாம் நாள் போட்டதுதான் ஏலக்காய். முதலில் எலுமிச்சைத் தோலும் இஞ்சியும், நடுவில் ஏலக்காய், அடியில் வெட்டிவேர். வடநாட்டுச் சின்னக் கம்பெனி ஒன்றின் சரக்கு. லேபிளை நானே பூதக்கண்ணாடி இல்லாத குறையாகப் படித்தேன். லைசென்ஸ் நம்பர் முதல் தேதி வரை எல்லாம் இருந்தது. அன்று மதியம் மூன்று மணிக்குக் கடைக்குப் போய் அவர் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தேன். வெட்டிவேர்த் தட்டி போட்ட வீட்டுக்குள் நுழைந்த மாதிரி லேசாக இருந்தது. அங்கிருந்த கஸ்டமர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நிருபர் பிழைப்பில் இதெல்லாம் சகஜம்.

9 ரூபாய்க் கணக்கு

10 மில்லிக் குப்பி 450 ரூபாய். "என்னண்ணே, மூணு மடங்கு வெல!" என்று வாலிபர் பின்வாங்கினார். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மில்லி. 10 மில்லியில் 100 அழுத்து. நாளைக்கு இரண்டு என்றால் 50 நாள். ஒரு நாளைக்கு 9 ரூபாய். பழைய பாட்டில் 30 மில்லி, 300 அழுத்து. அவர் அடித்தது நாளைக்குப் பன்னிரண்டு. 25 நாளில் காலி. ஒரு நாளைக்கு 6 ரூபாய். வித்தியாசம் 3 ரூபாய். தோல் டாக்டர் பீஸ், களிம்பு எல்லாவற்றையும் சேர்த்தால் எது மலிவு என்று ஜவுளிக்கடைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாங்கி விட்டார். வெயில் படாமல், அடுப்பங்கரைப் பக்கம் வைக்காமல் பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்பிரிட் சரக்கு, தீப்பிடிக்கும்.

கடந்த வாரம் மறுபடி அதே பஸ்சில் வந்தேன். கதவோரம் அவர் நின்றிருந்தார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொண்டே அவர் பக்கத்தில் வந்து, மூக்கை உறிஞ்சி, "ஏம்ப்பா, காலையிலயே ஏலக்கா டீயா? நமக்கில்லையா?" என்றார். பெரியவர் யாரும் தும்மவில்லை. ஷட்டர் இறக்கித்தான் இருந்தது. அந்தக் கர்ப்பிணிப் பெண் அன்று அந்த பஸ்சில் இல்லை. பிறந்த வீட்டுக்குப் போயிருப்பதாகக் கண்டக்டர் சொன்னார்.

குடோன் பேச்சு இன்னும் முடியவில்லை. தீபாவளிக் கூட்டம் முடியட்டும், பார்க்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறாராம். ஆனால் இந்த வாரம் பட்டுச்சேலை செக்ஷனில் நிற்க வைத்திருக்கிறார்கள். கஸ்டமர் பக்கத்தில் உட்கார்ந்து விரித்துக் காட்டுகிற இடம் அது. கழுத்துக் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. காலர் பட்டனைப் போட்டு மறைத்துக் கொள்கிறார்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

வாலிபர் சிரித்தார். முதல் நாள் அதைப் போட்டுக் கொண்டு வீட்டுக்குப் போனபோது அம்மா அப்போதுதான் ஜீப்பில் இருந்து இறங்கி வந்திருந்தாராம். சட்டையைத் துவைக்க வாங்கியவர், முகர்ந்து பார்த்து விட்டு இவர் முகத்தைப் பார்த்தாராம்.

"ஏண்டா, கடைக்குப் போகாம நீ எப்படா ஏலக்காட்டுக்குப் போன?"